உங்கள் படத்துக்கு நான் போட்ட புகை

மாமா,

எதிர்வீட்டில் இப்போதுதான் சாம்பிராணி போட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், போடத்தானே செய்வார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் பிசைந்துகொண்டிருந்த கேப்பை மாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மாவு ஒட்டிய கையோடு ஜன்னலையெல்லாம் இழுத்துச் சாத்தினேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னாமா, எங்க வூட்டு சாம்பிராணி உனுக்கு நாறுதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் பதிலுக்குச் சிரித்து வைத்தேன்.

ஜன்னல் கம்பியெல்லாம் மாவு. துடைக்க மனசில்லாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த வாசனை எனக்கு இன்னமும் பிடிக்கிறது மாமா, அதுதான் வெட்கக்கேடு. நடந்ததெல்லாம் நடந்த பிறகும், அது காற்றில் வந்தால் மூச்சை ஒருதரம் நன்றாக இழுத்துவிட்டுத்தான் ஓடுகிறேன்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீங்கள் கண்டக்டர் வேலையிலிருந்து ரிடையர் ஆகி வீட்டோடு இருந்தீர்கள். அத்தை அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வேலை முடிந்த கையோடு சொந்த ஊரான ஒலக்கூருக்கு வந்து நிலத்தில் மல்லாட்டைக் கடலை போடுவீர்கள் என்று உங்கள் அக்கா காத்துக்கொண்டிருந்தாராம். நீங்களோ புதுச்சேரிக்குப் போய் ஒரு கூண்டும் இரண்டு பறவைகளுமாகத் திண்டிவனம் வந்து இறங்கினீர்கள். சாம்பல் உடம்பு, மஞ்சள் மூஞ்சி, கன்னத்தில் குங்குமம் அப்பியது போல ஒரு வட்டம், தலையில் நிமிர்ந்தும் படிந்தும் ஆடுகிற கொண்டை. காக்டீல் என்று நீங்கள் சொன்னால் தெருவில் எவனும் அதை ஒழுங்காகச் சொன்னதில்லை. "இன்னா கண்டக்டரே, காக்டெயிலா? கூட சைட் டிஷ் எதுனா உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் கோபித்துக்கொண்டதே இல்லை.

பேர் வைத்தீர்களே, அதுவல்லவா பேர்! ஆணுக்கு ரைட்டு, பெண்ணுக்கு ஹோல்டான். காலையில் காபியைக் குடித்துவிட்டு, அந்தப் பழைய விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதுவீர்கள். ரைட்டு கொண்டையைத் தூக்கிக்கொண்டு அதையே திருப்பி ஊதும். அச்சு அசல் பஸ் கிளம்புவது போலவே இருக்கும். நான் விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கத் தலைவாரிக்கொண்டிருக்கும்போது அது ஊதினால், வாசலில் பஸ் வந்துவிட்டதோ என்று ஒரு நொடி கை பதறும். "உன்னை ஏத்தாம போவாதுமா, நிதானமா வா" என்று கூண்டுக்குப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பீர்கள். நான் பதிலுக்கு எதையாவது முணுமுணுத்துக்கொண்டு போவேன். எனக்கு அப்போது உங்கள் மேல் ஒரு கடுப்பு இருந்தது, மாமா. மருமகள் வேலைக்குப் போய்விட்டு வந்து சமைக்கிறாள், இந்த மனுஷன் பறவைக்குத் தினை புடைத்துக்கொண்டிருக்கிறாரே என்று.

வெள்ளிக்கிழமைதான் நமக்குள் பெரிய சண்டை. நான் தலைக்கு ஊற்றி, விளக்கேற்றி, சாம்பிராணியைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து நீங்கள் எழுந்து கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவீர்கள். புகை முழுக்க அடங்கின பிறகுதான் திரும்பி வருவீர்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன்: "நான் பூஜை பண்ணா உங்களுக்கு அவ்ளோ இளக்காரமா?"

நீங்கள் கூண்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றீர்கள். "சாமிக்கு மூக்கு கிடையாதுமா, இதுங்களுக்கு இருக்குது. நெஞ்சு வெங்காயத் தோலு மாதிரி. போகி அன்னிக்கு ஊரே டயரைக் கொளுத்துச்சே, அப்ப இந்த ஜோடிக்கு முந்தி வாங்கின குஞ்சு ஒண்ணு பொசுக்குனு போயிட்ச்சு. நீ வர்றதுக்கு முந்தி."

நான் நம்பவில்லை. குசும்பு என்றே எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் முழு வாழ்நாளும் டீசல் புகையைக் குடித்த மனுஷனுக்கு என் சாம்பிராணிப் புகைதான் ஆகவில்லையா என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தேன். மறந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று இப்போது சொல்லத்தான் ஆசை. நீங்கள் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது.

ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள். காலையில் பேசிக்கொண்டிருந்தவர், மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். நானும் உங்கள் பிள்ளையும் வேலையில் இருந்தோம். காரியமெல்லாம் முடிந்து, உங்கள் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு ஹாலில் மாட்டினோம். அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. காரியத்துக்காகப் பின்பக்க வராண்டாவுக்கு நகர்த்தியிருந்த கூண்டைக் கொண்டுவந்து உங்கள் படத்துக்கு நேர் கீழே மாட்டினேன். "அவரைப் பாத்துக்கினே இருக்கட்டும்" என்றேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் அழுதார்கள். உங்கள் அக்கா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "யாருக்குமா இப்படித் தோணும்? பெத்த பொண்ணு கூட இப்படிச் செய்யமாட்டா" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குத் தித்தித்தது மாமா. உயிரோடு இருந்தவரை உங்களிடம் முகங்கொடுத்துப் பேசாதவள், போன பிறகு நல்ல மருமகள் ஆகிவிட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் என்று இருந்த சாம்பிராணி தினசரி ஆனது. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு கப் சாம்பிராணியை ஏற்றி உங்கள் படத்துக்குக் கீழே வைப்பேன். மழைக்காலம், கொசு வேறு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். புகை சுவரோடு ஏறி, கூண்டுக்குள் புகுந்து, அப்புறம்தான் உங்களிடம் வரும். கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால் உங்கள் முகமும் தெரியாது, பறவையும் தெரியாது. எதிர்வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்து, "வூடு கோயில் மாதிரி இருக்குதுமா" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

முதலில் ரைட்டு விசில் அடிப்பதை நிறுத்தியது. எசமானை நினைத்து ஏங்குகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அப்புறம் உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்கார ஆரம்பித்தது. தினைக் கிண்ணம் நிறைந்தே இருந்தது. கவலையோடு ஊதிப் பார்த்தேன், மேலே எல்லாம் வெறும் உமி. கொஞ்சமாவது தின்கிறதே என்று சமாதானம் ஆனேன். அந்த உமி ஹோல்டான் தின்று துப்பியது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்று சொன்னால் காறித் துப்புவீர்கள். அதற்கு உடம்பு குணமாக வேண்டும் என்று நான் உங்களிடமே வேண்டிக்கொண்டேன். "மாமா, உங்க பிள்ளையா நெனச்சி வளத்தீங்களே, நீங்கதான் பாத்துக்கணும்" என்று படத்துக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்டு, வழக்கமாக ஏற்றும் சாம்பிராணியோடு இன்னொன்றையும் சேர்த்து ஏற்றினேன்.

மறுநாள் காலையில் அது வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். சினை மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே ஒரு அட்டைப் பெட்டியோடு வரிசையில் நின்றேன். "உள்ள இன்னா, கோழியா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் ரைட்டைக் கோழி என்று சொன்னவள் நான். அங்கே டாக்டர் நல்லவிதமாகவே பார்த்து, "இதுக்குன்னு பாக்கறவங்க விழுப்புரத்துல இருக்காங்க, ஜல்தியா எடுத்துக்கினு போங்க" என்றார்.

நான் வேலை செய்யும் ஸ்கேன் சென்டருக்கு போன் போட்டு லீவு கேட்டேன். ஏன் என்றார் மேனேஜர். பறவைக்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை. "வீட்ல ஒருத்தருக்கு மூச்சு விட முடியல சார்" என்றேன். பதறிப்போய் நெஞ்சு டாக்டர் ஒருவரின் நம்பரை அனுப்பிவைத்தார். பாவம், நல்ல மனுஷன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தார், பஸ் நகர்ந்தது. பெட்டிக்குள் ஒரு அசைவு. மூடியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், ரைட்டு கண்ணைத் திறந்து கொண்டையைத் தூக்கியிருந்தது. திருப்பி ஊதப் பார்த்தது மாமா. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இப்படியே செய்தது. கண்டக்டரிடம் போய், "அண்ணே, தயவு பண்ணி விசில் அடிக்காதீங்க" என்று சொல்லலாமா என்று துடித்தேன். பஸ்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல புகை ஏதாவது போடுறீங்களா? கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி?"

அங்கேதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பின்பக்கம் போய் நிற்கும் உங்கள் முதுகு கண்ணில் வந்தது. "வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம்" என்றேன். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, மூஞ்சிக்கு நேராக என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் முகம் சுளித்துவிடுவாரே என்று பயம். "அந்தக் கொஞ்சமும் இதுக்கு விஷம்ங்க" என்றார். மூச்சுக்குக் காற்று வைத்தார், மருந்து கொடுத்தார். "ரொம்ப முத்திடுச்சு. வெதுவெதுப்பா வச்சிக்குங்க, பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்று எந்த டாக்டர் சொன்னாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டு ஸ்டாப்பில் ஆள் ஏறினார்கள். கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தார். பெட்டிக்குள் அசைவில்லை. நான் மூடியைத் திறக்கவில்லை. திண்டிவனம் வரைக்கும் மூடின பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் பிள்ளை பின்பக்கம் முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார். உங்கள் பழைய கைக்குட்டையில் சுற்றி வைத்தார். நீங்கள் போனபோது தைரியமாக நின்ற மனுஷன், அன்றைக்குத் தோளெல்லாம் குலுங்கக் குலுங்க அழுதார். "அப்பாவைத் தேடிக்கினு போயிட்ச்சு பாத்தியா. அப்பாவுக்கு அங்க தொணைக்கு ஆள் வேணும்னு போயிட்ச்சு" என்றார். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கவேண்டிய இடம் அது. நான் தலையாட்டினேன்.

ஆட்டிய தலையை அப்புறம் நிறுத்த முடியவில்லை. தெரு முழுக்க அந்தக் கதை பரவிவிட்டது. கண்டக்டரின் பறவை அவர் பின்னாலேயே போய்விட்டது, மனுஷனுக்குக்கூட இப்படி வராது என்று டீக்கடையில் பேசினார்கள். உங்கள் பிள்ளை அதைப் போகிற இடமெல்லாம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். கடைசி நேரத்தில் அப்பா பக்கத்தில் நாம் இல்லையே என்கிற வலிக்கு அந்தக் கதை ஒன்றுதான் அவருக்கு மருந்து. அதை எப்படிப் பிடுங்குவது? எனக்கு வீசிங், புகை பட்டால் மூச்சு இழுக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி சாம்பிராணியை நிறுத்தினேன். ஹோல்டானைப் பின்பக்க வராண்டாவுக்கே மாற்றினேன். ஜோடி போன பிறகு அது என் தோளில் வந்து உட்கார ஆரம்பித்தது. கொண்டையைத் தாழ்த்திக்கொண்டு, சொறிந்துவிடு என்று கழுத்தை நீட்டும். சொறிந்துவிடுவேன். யாரிடம் நீட்டுகிறோம் என்று தெரியாமல் நீட்டுகிறதே என்று எனக்கு மனசு கூசும்.

போன வாரம் உங்களுக்கு வருஷ தெவசம். ஒலக்கூரிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். வெளியே நல்ல மழை. நான் அடுப்பில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் உங்கள் அக்கா யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. "என் தம்பி போன ஏக்கத்துல ஒரு பொட்டுத் தீனி எடுக்கல தெரியுமா. இதோ, இதுதான் மிச்சம் இருக்கற ஜோடி. அவனைப் பாத்துக்கினு இருக்கட்டும்னு இட்டாந்து மாட்டினேன்."

மாட்டினேனா? கரண்டி கையில் இருக்கும்போதே வாசனை வந்தது. ஊரிலிருந்தே எடுத்து வந்த கட்டி சாம்பிராணி, தணல் துண்டில்.

ஓடினேன். ஹால் நிறைய ஜனம். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது. உங்கள் படத்துக்குக் கீழே கூண்டு, அதற்குக் கீழே உங்கள் அக்கா தூபக்காலை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். ஹோல்டான் கம்பியில் தொற்றிக்கொண்டு இறக்கையை அடிக்கிறது. நான் தூபக்காலைப் பிடுங்கி மழையில் வீசினேன். கை சுட்டது அப்புறம்தான் தெரிந்தது.

"அடிப்பாவி! செத்தவனுக்குக் காட்ற புகையைத் தட்டிவிடறியா?" என்று உங்கள் அக்கா அலறினார். "வீசிங்காமே வீசிங்! என் தம்பிக்கு ஒரு தெவசம்கூட ஒழுங்கா நடக்கக்கூடாதுன்னு இருக்கியா நீ?"

கூண்டை வராண்டாவில் வைத்துவிட்டு வந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொன்னால் அடுத்த வருஷமும் கூண்டைக் கொண்டுவந்து மாட்டுவார்கள்.

"அது ஏக்கத்துல போவல அத்தை" என்றேன் உங்கள் அக்காவிடம். "நான்தான் கொன்னேன். தெனமும் கதவைச் சாத்திக்கினு அது மூஞ்சிலயே புகை போட்டேன். போடாதன்னு மாமா உயிரோட இருக்கும்போதே சொல்லியிருக்காரு. தெரிஞ்சும் போட்டேன். நீங்கள்லாம் நல்ல மருமகள்னு சொன்னீங்களே, அதுக்காகப் போட்டேன்."

அடுப்பில் வடை கருகும் வாசனை வந்தது. உங்கள் அக்கா பையை எடுத்தார். "இந்த வூட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று மழையிலேயே இறங்கிப் போனார். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இலைகள் போட்டது போட்டபடி கிடந்தன.

அவர்கள் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. உங்கள் பிள்ளை மட்டும் உங்கள் படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார், அடிக்கக்கூடக் கை ஓங்குவார் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் நிமிர்ந்து, சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார்: "அப்ப அது அப்பாவைத் தேடலையா?"

"தெரியலைங்க" என்றேன். வேறு என்ன சொல்வேன்? தேடியிருக்கலாம். விசிலை நிறுத்தியபோது நிஜமாகவே உங்களைத்தான் நினைத்ததோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள இனி ஒரு வழியும் இல்லாமல் செய்தவள் நான். அன்றிலிருந்து அவர் அந்தக் கதையை யாரிடமும் சொல்வதில்லை. என்னிடம் சாப்பாடு கேட்கிறார், சட்டை கேட்கிறார், வேறு எதுவும் கேட்பதில்லை. ஹோல்டானுக்கு மட்டும் காலையில் அவரே தினை புடைத்து வைக்கிறார்.

மன்னிப்பு கேட்டு இதை எழுதவில்லை மாமா. நீங்கள் இருந்திருந்தால், "போவுது வுடுமா" என்று ஒரே வார்த்தையில் மன்னித்துவிடுவீர்கள், எனக்கு அது வேண்டாம். ரைட்டு அங்கே வந்திருந்தால் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்களைத் தேடி வந்ததாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதற்கு இங்கே ஜோடி இருந்தது, அதை விட்டு வர அதற்கு இஷ்டமே இல்லை.